மழைக்குக் கணக்கெழுதியவர்

புனே நகருக்குப் புதிதாக வந்து சேரும் நம் தமிழ் மாணவர்கள் பலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. சிவாஜி நகர்ப் பக்கத்து நாற்சந்திக்குச் ‘சிம்லா ஆபீஸ்’ என்று ஏன் பெயர் வந்தது? இமயத்துச் சிம்லாவுக்கும் தக்காணத்துப் புனேவுக்கும் என்ன உறவு? விடை எளியது. இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928-ஆம் ஆண்டில் சிம்லாவிலிருந்து இவ்வூருக்கு மாறிற்று. அலுவலகத்தோடு பெயரும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தது. தலைமையகம் பின்னர் டில்லிக்குப் போயிற்று. பெயர் மட்டும் போக மறுத்துவிட்டது.

அந்தச் சிம்லா ஆபீஸ் சிம்லாவிலேயே இருந்த நாளில், இருபது ஆண்டுகள் அதன் தலைவராக வீற்றிருந்தவர் சர் கில்பர்ட் வாக்கர். அவருடைய வரலாற்றை இவ்வாண்டு மலருக்கு எழுத வேண்டும் என்று விரும்பினேன். அதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. காலநிலை மாதிரிகள் என்னும் பெருங்கணக்குகள் தருகின்ற மழை அளவில் ஒருபுறச் சாய்வு இருக்கும். அதை நீக்கி, ஒரு வட்டாரத்து உழவரும் பொறியாளரும் எடுத்தாளத்தக்க எண்ணாக ஆக்குவதுதான் நான் இங்கே செய்துவரும் ஆராய்ச்சி. கணிப்பொறி சொன்னதைத் திருத்த நீ யாரப்பா என்று விடுதியில் நண்பர்கள் கேலி செய்வார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் விடை வாக்கரின் வாழ்க்கைதான்.

வாக்கர் 1868-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் இங்கிலாந்தில், லங்காஷயரைச் சேர்ந்த ராச்டேல் என்னும் ஊரில் பிறந்தார். லண்டனில் செயின்ட் பால் பள்ளியில் பயின்று, கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். 1889-இல் அங்கே கணிதத் தேர்வில் முதல் மாணவராகத் தேறினார். சீனியர் ராங்ளர் என்னும் அந்தப் பட்டத்துக்கு அந்நாளில் இருந்த மதிப்பை இன்று நாம் எண்ணிப் பார்ப்பதும் கடினம். படிப்பின் கடுமையால் உடல்நலம் குன்றி, சில குளிர்காலங்களைச் சுவிட்சர்லாந்தில் கழித்து, மீண்டும் கல்லூரிக்குத் திரும்பி ஆசிரியரானார்.

அவருக்கு ஒரு விந்தையான ஆசை இருந்தது. ஆஸ்திரேலியப் பழங்குடிகள் எறியும் பூமராங் என்னும் வளைதடி அது; நம் சிவகங்கைச் சீமையின் வளரிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எறிந்த தடி எப்படி எறிந்தவனிடமே திரும்பி வருகிறது என்பதைக் கணிதத்தால் விளக்க முனைந்த வாக்கர், வெறும் தாளோடு நிற்கவில்லை; கல்லூரிக்குப் பின்னாலுள்ள புல்வெளியில் தாமே எறிந்து பார்த்தார். இதனால் நண்பர்கள் அவருக்குப் பூமராங் வாக்கர் என்றே பெயரிட்டனர். எறிந்து பார்க்காமல் எதையும் நம்பாத இந்தக் குணம் பிற்காலத்தில் நம் நாட்டுக்குப் பெரிதும் பயன்பட்டது.

வானிலையைப் பற்றி ஒன்றும் படித்திராத இக்கணித ஆசிரியரை இந்திய அரசாங்கம் ஏன் அழைத்தது? அதை அறியச் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் நம் வீடுகளில் இருந்தார்கள். 1876-இல் தொடங்கிய அந்தப் பஞ்சம் சென்னை மாகாணத்தையும் மைசூரையும் சூறையாடியது. இலட்சக்கணக்கான உயிர்கள் மாண்டன. அதற்கு முந்திய ஆண்டு, 1875-இல், இந்திய வானிலைத் துறை தோன்றியிருந்தது. அதன் முதல் தலைவரான ஹென்றி பிளான்போர்டை, வரப்போகும் பருவமழையை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று அரசாங்கம் கேட்டது. இமயத்தில் பனி மிகுந்த ஆண்டில் சமவெளியில் மழை குறைகிறது என்று அவர் கண்டார். அதைக் கொண்டு 1886 முதல் ஆண்டுதோறும் பருவமழை முன்னறிவிப்பு வெளிவரலாயிற்று. அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் பனியோடு வேறு பல குறிகளையும் சேர்த்துக்கொண்டு, நீண்ட விளக்கங்களோடு முன்னறிவிப்பை எழுதி வந்தார். அவருடைய உழைப்பில் குறையில்லை. ஆனால் எந்தக் குறிக்கு எத்தனை எடை என்பதை அவர் உள்ளம்தான் தீர்மானித்தது. 1899-இல் நல்ல மழை வரும் என்று அவர் எதிர்பார்த்தார். மழை பொய்த்தது. ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் சப்பனியா பஞ்சம் என்று மக்கள் இன்றளவும் நினைவில் வைத்திருக்கும் கொடுமை அவ்வாண்டில் வந்ததுதான். பத்திரிகைகள் தாக்கின. பின்னர்ச் சில ஆண்டுகள் முன்னறிவிப்பை வெளியிடாமல் அரசாங்கத்துக்கு மட்டும் இரகசியமாகவே கொடுத்து வந்தார்கள்.

எலியட் ஓய்வு பெற்றார். 1904-இல் அவருடைய நாற்காலியில் வாக்கர் அமர்ந்தார். அவ்வாண்டிலேயே ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் ஆனார்.

புதிய தலைவர் செய்த முதல் பெரிய காரியம், முன்னறிவிப்பிலிருந்து மனிதனுடைய ஆசையையும் அச்சத்தையும் வெளியேற்றியது. நல்ல மழையை நாடே விரும்பும்போது முன்னறிவிப்பவரின் பேனாவும் அந்தப் பக்கமே சாயும். இது குற்றமன்று, மனித இயல்பு. ஆனால் எண்ணுக்கு ஆசை கிடையாது. எனவே வாக்கர், பல ஆண்டுகளின் மழையையும் பல இடங்களின் காற்றழுத்தம் முதலியவற்றையும் எதிரெதிரே வைத்து, இரண்டும் எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை ஒட்டுறவுக் கெழு என்னும் எண்ணால் அளந்தார். முற்றிலும் சேர்ந்து போனால் அது 1. ஒன்றற்கொன்று நேர்மாறானால் −1. தொடர்பே இல்லையென்றால் 0. 1909-இல் அவர் கையாண்ட சமன்பாட்டில் நான்கு குறிகளே இருந்தன: மே முடிவில் இமயத்துப் பனி, வசந்த காலத்தில் தென் அமெரிக்கக் காற்றழுத்தம், மே மாதத்து மொரீஷியஸ் காற்றழுத்தம், ஏப்ரல், மே மாதங்களில் சான்ஸிபார் தீவின் மழை. சான்ஸிபாரில் பெய்யும் மழைக்கும் இந்திய வயலுக்கும் முடிச்சுப் போடுவதா என்று அன்று சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

அந்நாளில் கணிப்பொறி ஏது? சிம்லா அலுவலகத்து இந்திய எழுத்தர்களே கணிப்பொறிகள். ஆயிரக்கணக்கான எண்களை அவர்கள் கையால் பெருக்கிக் கூட்டினார்கள். வாக்கரின் புகழில் அவர்களுக்கு உரிய பங்கை நம் பாடநூல்கள் கொடுக்கவில்லை என்பது என் கருத்து.

மழை நாளுக்கு நாள் குறைந்து வருகிறது, நாட்டின் தட்பவெப்பமே மாறிவிட்டது என்ற அச்சம் அக்காலத்தில் பரவியிருந்தது. வாக்கர் பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்து ஆராய்ந்து, நிலையான மாறுதல் எதற்கும் சான்று இல்லை என்று 1910-இல் எழுதினார். அவர் கையிலிருந்த ஆண்டுகளுக்கு அந்த முடிவு சரியே. இன்றுள்ள நிலை வேறு. புவி வெப்பமாகி வருவது ஐயமற நிறுவப்பட்டுவிட்டது. அவருடைய முடிவை இன்றைக்கு எடுத்துக்காட்டி வாதாடுகிறவர்களை அவரே ஒப்புக்கொள்ள மாட்டார்.

1914-இல் அவர் எழுதிய ஒரு சிறு கட்டுரையைத்தான் நான் அவருடைய பணிகளில் தலையாயதாகக் கருதுகிறேன். பலருக்கு அது தெரியாது. அதன் கருத்தை நம் பேச்சில் சொல்கிறேன். மழைக்கும் ஏதோ ஒரு குறிக்கும் உண்மையில் தொடர்பே இல்லை என்று கொள்வோம். ஆயினும் தற்செயலாக அது தொடர்புள்ளதுபோல் தோன்ற இருபதில் ஒரு வாய்ப்பு உண்டு என்போம். ஒரு குறியை மட்டும் சோதித்தால் அச்சமில்லை. இருபது குறிகளைச் சோதித்தால், அவற்றில் ஒன்றாவது பொய்யாகப் பளபளக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 64 ஆகிவிடுகிறது! சோதித்த இருபதையும் சொல்லாமல், பளபளத்த ஒன்றை மட்டும் எடுத்து மேடையேற்றுகிறவன் பிறரை ஏமாற்றுவதோடு தன்னையும் ஏமாற்றிக் கொள்கிறான். எத்தனை குறிகளிலிருந்து பொறுக்கினோம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று வாக்கர் விதி வகுத்தார். ஒட்டுறவு வேட்டையில் உலகத்திலேயே முன்னின்றவர் அந்த வேட்டைக்குத் தாமே வேலியும் போட்டார் என்பதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது.

என் வேலையின் கதை இங்கேதான் வந்து சேர்கிறது. காலநிலை மாதிரி உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு கட்டத்தின் பக்கம் பெரும்பாலும் நூறு கிலோமீட்டர் அளவில் இருக்கும். நம் புனேயில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை. அறுபது, எழுபது கிலோமீட்டர் தொலைவில் மலைமேல் இருக்கும் லோணாவளாவிலோ 4000 மில்லிமீட்டருக்கு மேல். இரண்டும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம். அப்போது மாதிரி இரண்டுக்கும் சேர்த்து ஒரே எண்ணைத்தான் சொல்லும். அந்த எண் புனேக்கும் பொருந்தாது, லோணாவளாவுக்கும் பொருந்தாது. மேலும், மாதிரிகள் பொதுவாகத் தூறல் நாட்களை மிகுதியாகவும் கொட்டும் மழையைக் குறைவாகவும் காட்டும். அப்படியே எடுத்து மழைநீர் வடிகால் கட்டினால் தெரு மிதக்கும்.

இதைத் திருத்தும் வழிகளில் ஒன்று நாம் எல்லோரும் அறிந்த தேர்வுக் கதைதான். ஓர் ஆசிரியர் தாராளமாக மதிப்பெண் போடுகிறார், மற்றவர் கஞ்சர். இருவரிடமும் எழுதியவர்களை எப்படி ஒப்பிடுவது? இருவருடைய பட்டியலையும் மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி, இவர் வகுப்பில் பத்தாவது இடத்தில் இருப்பவனுக்கு அவர் வகுப்பில் பத்தாவது இடத்தவனுடைய மதிப்பெண்ணைக் கொடுக்கலாம். அதுபோலவே மாதிரி சொன்ன மழை நாட்களை வரிசைப்படுத்துகிறோம். அவ்வூர் மழைமானியில் பதிவான நாட்களையும் வரிசைப்படுத்துகிறோம். இடத்துக்கு இடம் எண்ணை மாற்றுகிறோம். எந்த ஆண்டுகளைக் கொண்டு திருத்தம் செய்தோமோ அந்த ஆண்டுகளில் முடிவு கச்சிதமாகத்தான் இருக்கும். அதில் வியப்பென்ன? ஆகையால் பாதி ஆண்டுகளைப் பூட்டி வைத்துவிட்டு, மறு பாதியில் திருத்தம் கற்று, பிறகு பூட்டைத் திறந்து சோதிக்கிறேன். எத்தனை முறைகளை முயன்றேன் என்பதையும் குறித்து வைக்கிறேன். இது வாக்கரின் வேலிதான்.

இத்திருத்தத்துக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாகப்பட்டினத்தில் கரையேற வேண்டிய புயலை மாதிரி ஆந்திரக் கரைக்கு அனுப்பிவிட்டால், எந்த வரிசைப்படுத்தலும் அதைத் திருப்பி அழைத்து வராது. பூமராங் அன்று அது. ஊரில் மழைமானியே இல்லையென்றால் திருத்துவதற்கு ஆதாரமும் இல்லை. காலை 8.30 மணிக்கு ஏதோ ஒரு வட்ட அலுவலகத்து முற்றத்தில் மழைமானியைப் படித்து ஏட்டில் எழுதுகிற ஊழியர் ஒரு நாள் சோம்பினால், அந்த ஓட்டை என் கணக்கில் வந்து நிற்கும்.

வாக்கரின் கதைக்குத் திரும்புவோம். 1913 பிப்ரவரியில் அவர் அலுவல் காரணமாகச் சென்னை வந்தார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தம் அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு வேலை பார்த்துவந்த ஓர் எழுத்தரின் கணக்கு ஏடுகளை அவரிடம் காட்டினார். அந்த எழுத்தர் சீனிவாச ராமானுஜன். ஏட்டில் இருந்தது தூய எண்கணிதம். வாக்கரின் துறை வேறு. அத்துறையில் தீர்ப்புச் சொல்லும் தகுதி தமக்குக் குறைவு என்பதை மறைக்காமலும், நிறுவல்களில் முழுமை போதாது என்பதைக் குறிப்பிட்டும், ஆயினும் இதன் தனித்தன்மை கேம்பிரிட்ஜ் கல்லூரி ஆய்வாளர் ஒருவரின் பணிக்கு ஒப்பாகும் என்று மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். சில ஆண்டுகளாவது வயிற்றுக் கவலையின்றி இவ்விளைஞர் கணிதத்திலேயே ஈடுபடப் பல்கலைக்கழகம் வழிசெய்ய வேண்டும் என்று வேண்டினார். பட்டம் பெறாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்க விதி இடந்தரவில்லை. எனினும் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைத்தது. ஹார்டியின் பெயரை அறியாத தமிழ் மாணவர் இல்லை. வாக்கரின் பெயரையும் அதன் அருகில் எழுதி வைத்தால் தகும்.

பருவமழையைத் தேடிப் புறப்பட்டவர் உலகம் முழுவதையும் சுற்றி வந்துவிட்டார். எங்கெங்கோ உள்ள நிலையங்களின் அழுத்தம், வெப்பம், மழை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்ததில் ஒரு பெரும் ஊசலாட்டம் தென்பட்டது. பசிபிக் மாக்கடலில் அழுத்தம் உயரும்போது இந்துமாக்கடலில் தாழ்கிறது. அங்கே தாழும்போது இங்கே உயர்கிறது. ஊஞ்சல் பலகையின் இரு முனைகள்போல! 1924-இல் அதற்குத் தென்னலைவு என்று பொருள்படும் பெயரை இட்டார். வட அட்லாண்டிக்கிலும் வட பசிபிக்கிலும் இதுபோன்ற வேறு இரண்டு ஊசலாட்டங்களையும் குறித்தார். இந்தியா முழுமைக்கும் ஒரே மழை எண் சொல்வது பொருந்தாது என்று கண்டு, நாட்டை வடமேற்கு, வடகிழக்கு, தீபகற்பம் என்று பிரித்துத் தனித்தனிச் சமன்பாடு அமைத்ததும் அவரே. வடகிழக்கு மட்டும் அவருடைய கணக்குக்கு அடங்கவில்லை. அப்பகுதிக்கான முன்னறிவிப்பு பின்னர்க் கைவிடப்பட்டது.

அவ்வாண்டிலேயே சர் பட்டம் பெற்று, ஓய்வுபெற்று, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியராகி 1934 வரை பணி புரிந்தார். அவர் விட்டுச்சென்ற சமன்பாடுகளோ நாளடைவில் சுருதி தப்பின. ஒரு காலத்தில் மழையோடு நன்றாக ஒத்துப்போன குறிகள் பிறகு ஒத்துப்போகவில்லை. 1988-இல் வானிலைத் துறை 16 குறிகளைக் கொண்ட சமன்பாட்டைக் கொண்டு வந்தது. 2002-இல் அது இயல்பான மழை என்றது. மழை 19 விழுக்காடு குறைந்தது. சமன்பாடு மாற்றப்பட்டது. 1997-இல் பசிபிக் மிகக் கடுமையாக வெப்பமுற்றது. எல் நினோ என்று எல்லோரும் அஞ்சினர். இந்தியாவுக்கோ இயல்புக்குச் சற்று மேலாக, 102 விழுக்காடு மழை கிடைத்தது. நேற்றைய தொடர்பு நாளையும் நிற்கும் என்பதற்கு யாரும் பிணை இல்லை. என் திருத்தக் கணக்குக்கும் இதே ஆபத்து உண்டு. வெப்பமாகிவரும் உலகில் அது இன்னும் பெரியது.

நாட்டுச் சராசரி நம் ஊருக்கு எவ்வளவு பயன்படும் என்பதற்கு இரண்டு ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். 2015 எல் நினோ ஆண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை நாடு முழுவதும் பெய்த மழை இயல்பில் 86 விழுக்காடுதான். வறட்சி என்று நாடே பேசியது. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாளில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. மறு ஆண்டு, 2016-இல், நாட்டுக்கு 97 விழுக்காடு மழை. தமிழ்நாட்டிலோ வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்து, சம்பாப் பயிர் கருகி, உழவர் குடும்பங்கள் கலங்கி நின்றன. நாம் ஐப்பசி கார்த்திகையை நம்பி வாழ்கிறவர்கள். பசிபிக் வெப்பமுறும்போது தென்மேற்குப் பருவம் தளர்வதும், நம் வடகிழக்குப் பருவம் வலுப்பதும் பொதுவான போக்கு. ஊஞ்சலின் எந்த முனையில் நம் வயல் இருக்கிறது என்று பாராமல் டில்லியின் எண்ணைத் தஞ்சைக்கு எடுத்து வருவது, சிம்லாவின் கம்பளியைத் தஞ்சையில் போர்த்திக் கொள்வது போலாகும்.

வாக்கர் முதுமையிலும் ஓயவில்லை. சிம்லாவில் இருந்தபோதே பறவைகள் சிறகசைக்காமல் வானில் மிதப்பதைத் தொலைநோக்கியால் கவனித்து வந்தார். புல்லாங்குழல் வாசித்தார்; வாசித்ததோடு விடாமல் அதன் அமைப்பையும் ஆராய்ந்தார். 1958 நவம்பர் 4-ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், சர்ரே மாவட்டத்துக் கூல்ஸ்டனில் காலமானார். அப்போது அவருடைய தென்னலைவை வானிலையாளர் பலர் ஒரு புள்ளிவிவர விந்தையாகவே எண்ணினர். ஏன் அப்படி நிகழ்கிறது என்று அவராலும் விளக்க இயலவில்லை. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1969-இல், ஜேக்கப் பியர்க்னஸ் அந்த ஊசலாட்டத்தைப் பசிபிக் நீரின் வெப்பத்தோடு இணைத்துக் காட்டினார். வெப்பநீரின்மேல் எழுந்து, உயரே கிழக்கு நோக்கி ஓடி, குளிர்நீரின்மேல் இறங்கித் திரும்பும் அந்தப் பெருங்காற்றுச் சுழலுக்கு வாக்கரின் பெயரையே வைத்தார்.